நர்ஸ் யூலாலியும் ஒரு ஐஸ்பெட்டியும்

கிரெனடாத் தீவின் மேற்குக் கரையில் இருக்கிற லான்ஸ் மாரி ஊர்க்காரர்கள் இரண்டைத்தான் முழுசாக நம்புவார்கள். ஒன்று புனித பேதுரு, இன்னொன்று ஐஸ். பேதுருவும் ஒரு காலத்தில் வலை இழுத்தவர், மீனவன் பாடு தெரிந்தவர். ஆனாலும் ஒன்றிரண்டு புயலின்போது அவர் வேறு வேலையாக இருந்துவிட்டார். ஐஸ் அப்படிக் கைவிட்டதே கிடையாது.

அதனால் கெடக்கூடாது என்று நினைக்கிற எதையும் அந்த ஊரில் ஐஸில் வைத்துவிடுவார்கள். மீன் வைப்பது எல்லா ஊரிலும் உண்டு. இங்கே கல்யாண கேக்கின் மேல்தட்டு, காதல் கடிதம், தேர்தலில் வாங்கிய தொப்பி எல்லாம் ஐஸில் இருக்கும். ஒரு பெரியவர் தன் ஞானஸ்நானச் சான்றிதழை முப்பது வருஷம் ஐஸில் வைத்திருந்தார். அறுபத்தெட்டு வயதில் அவருக்குப் புதிதாக ஒரு கடைவாய்ப் பல் முளைத்தது. இரண்டுக்கும் சம்பந்தமில்லை என்று சொல்ல ஊரில் ஒருவருக்கும் தைரியம் வரவில்லை.

அந்த ஊரின் கேப்டன் ஆல்பன் கிட்டன்ஸ். அவனுடைய படகின் பெயர் ‘இன்னும் முடியலை’. ஒருமுறை அவன் பிடித்து வந்த சூரை மீனைக் கரையில் போட்டபோது தீவு அந்தப் பக்கமாக ஒரு விரற்கடை சாய்ந்தது. மீனை வெட்டி விற்ற பிறகு தீவு நிமிர்ந்ததா இல்லையா என்பதில் மட்டும்தான் ஊரில் இரண்டு கருத்து உண்டு.

நாற்பத்தோராவது வயதில் ஆல்பனுக்கு வலிப்பு வந்தது. கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றான். அடுத்த கணம் மல்லாந்து வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். நடுவிலிருந்த துண்டை யாரோ கத்தரித்து எடுத்துக்கொண்டு போயிருந்தார்கள். டாக்டர் வெள்ளை மாத்திரை கொடுத்தார். மாத்திரை வேலை செய்தது. ஒரு வருஷம் கரையில் உட்கார்ந்திருந்துவிட்டு மறுபடி கடலுக்குப் போனான். அந்த ஜூன் மாதம் பேதுரு திருநாளில், மீனவர் பிறந்தநாள் என்று ஊரே கொண்டாடுகிற அந்த நாளில், படகுப் போட்டியில் தன் பழைய எதிரி செப்டிமஸின் படகைத் தோற்கடித்து முதல் பரிசு வாங்கினான். நீல நிறத்தில், வெள்ளி மூடி போட்டு, பூட்டுச் சாவியோடு ஒரு ஐஸ்பெட்டி. நான்கு ஆள் தூக்க வேண்டும். சவப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிது, அதைவிட மரியாதையாகத் தூக்கிக்கொண்டு வந்தார்கள்.

ஆகஸ்டில் வலிப்பு திரும்பி வந்தது.

செப்டிமஸின் பொறாமைதான் காரணம் என்றார்கள். பரிசைக் கடல் திரும்பக் கேட்கிறது என்றார்கள். பௌர்ணமி என்றார்கள். டாக்டர் பக்கத்துத் தீவிலிருந்து மூன்று மாதத்துக்கு ஒருமுறை விமானத்தில் வருகிறவர். ஒரு காலை நேரத்தில் நாற்பது பேரைப் பார்ப்பார். ஆளுக்கு ஏழு நிமிஷம். நல்ல மனிதர். அந்த ஏழு நிமிஷத்தில் எழுபது நிமிஷ வேலை செய்வார். அவர் நவம்பரில் மாத்திரையைக் கூட்டினார். பிப்ரவரியில் இன்னும் கூட்டினார். ஆல்பனை மறுபடி படகைவிட்டு இறக்கினார்.

அதற்குப் பிறகு புதிதாக ஒரு கூத்து ஆரம்பமானது. வலிப்பும் நிற்கவில்லை, அதோடு ஆல்பனுக்கு அவ்வப்போது எல்லாம் இரண்டு இரண்டாகத் தெரிந்தது. சந்தையில் ஒரு வாளி மீனை எண்ணி இரண்டு வாளி என்றான். தேவாலயத்தில் இரண்டு பாதிரியார்களில் யாரிடம் பாவமன்னிப்புக் கேட்பது என்று தெரியாமல் நடுவில் நின்ற காற்றிடம் கேட்டுவிட்டு வந்தான். தள்ளாடி நடப்பதைப் பார்த்து ஊர், காலையிலேயே ரம் போட்டுவிட்டான் என்றது. அவன் மனைவி ரொசெட்டா, ஜாதிக்காய்க் கிடங்கில் காய் பிரிக்கிறவள், ஒரு நாள் கேட்டாள்: “இப்ப என்னை ரெண்டா பாக்கறியா?”

“ஆமா.”

“ரெண்டு பேரும் உன் மேல கோவமா இருக்கோம். போய் முகத்தைக் கழுவு.”

ஜூன் பத்தாம் தேதி, மறுபடி திருநாள் வருகிற நேரம், கரையில் கிடந்த தன் படகுக்கு வெள்ளைச் சாயம் பூசிக்கொண்டிருந்த ஆல்பன் சாய டப்பாவோடு விழுந்தான். பக்கத்தில் இருந்தவன் செப்டிமஸ். எதிரியானாலும் ஓடிவந்தான். நாக்கை விழுங்கிவிடுவான் என்று பயந்து, சூப்பு கிண்டிக்கொண்டிருந்த இரும்புக் கரண்டியை ஆல்பனின் பல்லுக்கு நடுவில் நுழைத்தான். வலிப்பு தானாக நின்றது. முன்பல் ஒன்றுதான் நிற்காமல் விழுந்தது.

அந்த வருஷம் போட்டியில் செப்டிமஸ் ஜெயித்தான். ஊர் கை தட்டியது. ஆனால் மழை வருமா வராதா என்று யோசிக்கிற தூறல்போலத்தான் தட்டியது. ஆல்பன் வரவில்லை. வீட்டில் உட்கார்ந்து படகை யாருக்கு விற்கலாம் என்று ரொசெட்டாவிடம் ஒருமுறை கேட்டான். அவள் மிச்சமிருந்த சாய டப்பாவைக் கொண்டுவந்து அவன் முன்னால் வைத்தாள். அவனும் இரண்டாம் முறை கேட்கவில்லை. அந்தப் படகின் சுக்கானைப் பிடிக்காத கை இரண்டும் எதற்கு என்று அவனுக்கு நிஜமாகவே தெரியவில்லை.

ஜூலை முதல் திங்கட்கிழமை கழிந்த மறுநாள், ஒரு பெண் பேருந்திலிருந்து இறங்கி வீட்டைத் தேடி வந்தாள். முப்பத்தாறு வயது இருக்கும். குட்டை. நீலச் சீருடை, மார்பில் தலைகீழாகக் குத்திய சின்னக் கடிகாரம், தோளில் ஒரு பெரிய பை.

“நான் நர்ஸ் யூலாலி பாஸ்கோம். வலிப்புக்குன்னே தனியா படிச்சுட்டு வந்திருக்கேன். தீவுக்கே நான் ஒருத்திதான்.”

ஆல்பன் அப்போது மாத்திரை வாங்கிய மயக்கத்தில் இருந்தான். “ஒருத்தியா? எனக்கு ரெண்டு பேர் தெரியுறீங்களே.”

அவள் சிரிக்கவில்லை. பையைக் கீழே வைத்தாள். “எந்தத் தேதியிலேருந்து ரெண்டா தெரியுது?”

“தேதியா? யாரு எண்ணினா?”

“நான் எண்ணினேன்,” என்றாள் ரொசெட்டா. உள்ளே போய்ச் சுவரிலிருந்த காலண்டரைக் கழற்றிக் கொண்டுவந்தாள். நிலவின் பிறை, வளர்பிறை எல்லாம் படம் போட்ட மீனவர் காலண்டர். இவன் விழுந்த நாளுக்குச் சிலுவை போட்டிருந்தாள். இரண்டாகப் பார்த்த நாளுக்கு இரண்டு வட்டம். ஜாதிக்காய்க் கிடங்கில் பதினெட்டு வருஷம் வேலை பார்த்தவள். எதையும் தரம் பிரிக்காமல் அவளுக்குத் தூக்கம் வராது.

நர்ஸ் கொக்கோ டீயை வாங்கி வைத்துக்கொண்டு காலண்டரை மேசைமேல் விரித்தாள். ஏழு நிமிஷம் ஆயிற்று. ஆல்பன் அவள் எழுந்திருப்பாள் என்று பார்த்தான். எட்டாவது நிமிஷமும் அவள் அங்கேயே இருந்தாள். இருபதாவது நிமிஷம் நாற்காலியை இன்னும் கொஞ்சம் இழுத்துப் போட்டுக்கொண்டாள். தன் வாழ்நாளில் மருத்துவத்துக்குப் படித்த ஒருவர் தன் வீட்டில் இவ்வளவு நேரம் உட்கார்ந்து அவன் பார்த்ததில்லை. செத்துப்போய்விட்டோமோ என்றுகூட ஒரு கணம் நினைத்தான்.

“பௌர்ணமின்னு யாரு சொன்னது?”

“ஊரே சொல்லுது,” என்றான்.

“பௌர்ணமி இதோ இங்க இருக்கு, சிலுவை இங்க இருக்கு. அடுத்த மாசம் பாருங்க, ரெண்டும் ஒண்ணை ஒண்ணு பாக்கவே இல்ல. நிலாவை விட்டுடுங்க, அதுக்கு வேற வேலை இருக்கு. மாத்திரை என்னிக்கு வாங்குவீங்க?”

“மாசத்து முதல் திங்கக்கிழமை. ஆஸ்பத்திரில குடுப்பாங்க. போன மாசம் மட்டும் பத்து நாள் தள்ளிக் குடுத்தாங்க, அதுவரைக்கும் பழைய மிச்சத்தைப் போட்டேன்.”

அவள் ஒவ்வொரு முதல் திங்கட்கிழமைமேலும் விரலை வைத்துக்கொண்டே வந்தாள். பிறகு விரலை எடுத்துவிட்டு நிமிர்ந்தாள்.

“மிஸ் ரொசெட்டா, நீங்க என்ன எழுதியிருக்கீங்கன்னு உங்களுக்கே தெரியுமா? மாத்திரை வாங்கின முதல் வாரத்துலதான் வட்டம். மாத்திரை தீரப்போற கடைசிப் பத்து நாள்லதான் சிலுவை. ஒரு மாசம்கூட மாறல. புது மாத்திரை இவரைத் தூக்கி அடிக்குது. அதே மாத்திரை மூணு வாரம் கழிச்சு இவரைக் காப்பாத்த மாட்டேங்குது. அப்ப நடுவுல மாத்திரைக்கு என்னமோ ஆகுது.” பிறகு ஆல்பன் பக்கம் திரும்பினாள். “கேப்டன், மாத்திரையை எங்க வெக்கிறீங்க?”

அவனுக்கு அந்தக் கேள்வி பிடித்திருந்தது. அவன் சரியாகச் செய்கிற ஒரே காரியத்தைப் பற்றி யாரும் அதுவரை கேட்டதில்லை.

“எங்க வெக்கணுமோ அங்கதான். ஐஸ்ல.”

நர்ஸ் கொக்கோ டீயைக் கீழே வைத்தாள்.

“டப்பா மேலேயே போட்டிருக்கு, நர்ஸ். குளிர்ச்சியான இடத்துல வைன்னு. முன்னாடி சமையல் அலமாரியில வெச்சிருந்தேன், அது குளிர்ச்சியா? பரிசுப்பெட்டி வந்த அன்னிக்கே மாத்திட்டேன். அதைவிடக் குளிர்ச்சியான இடம் இந்தத் தீவுல கிடையாது. பூட்டு வேற இருக்கு. நல்ல பொருளை நான் அஜாக்கிரதையா வெக்கிற ஆள் இல்ல.”

“டப்பாவில ‘குளிர்ச்சியான’ங்கறதுக்குப் பக்கத்துல இன்னொரு வார்த்தை இருக்குமே?”

“ஈரமில்லாதன்னு இருக்கும். அது சும்மா போடறது.”

கரையில் கொட்டகைக்குள் இருந்த ஐஸ்பெட்டியை அவனே பெருமையோடு திறந்து காட்டினான். ஒரு பெரிய சூரை, கல்யாண கேக், நொறுக்கிய ஐஸ். நடுவில், திறந்து திறந்து மூடி தளர்ந்துபோன மாத்திரை டப்பா. அடியில் போன மாதத்து மிச்சம் நாலு மாத்திரை. நர்ஸ் ஒன்றை எடுத்து விரலில் உருட்டினாள். தன் பையிலிருந்து அதே மாத்திரையில் புதிதாக ஒன்றை எடுத்தாள். இரண்டு கண்ணாடித் தம்ளரில் தண்ணீர் கேட்டாள்.

“பாருங்க,” என்று இரண்டையும் ஒரே நேரத்தில் போட்டு, மார்பிலிருந்த கடிகாரத்தைத் தூக்கிப் பிடித்தாள்.

புது மாத்திரை கொஞ்ச நேரத்தில் பொங்கிப் பிரிந்து மாவாகிவிட்டது. ஐஸ்பெட்டி மாத்திரை தம்ளரின் அடியில் போய் உட்கார்ந்தது. பத்து நிமிஷம். இருபது நிமிஷம். செப்டிமஸ் வந்து எட்டிப் பார்த்தான். இன்னும் நாலு பேர் வந்தார்கள். கூழாங்கல்லாவது கொஞ்சம் பாசி பிடித்திருக்கும். அது அதைக்கூடச் செய்யவில்லை. அந்த மாத்திரை மூன்று நாள் தண்ணீரில் கிடந்ததாகவும், பிறகு அதைத் தூண்டிலில் ஈயக்குண்டுக்குப் பதிலாகக் கட்டி ஒருவர் ஏழு மீன் பிடித்ததாகவும் ஊரில் சொல்கிறார்கள். ஏழு என்பது மிகை. ஐந்துதான்.

“ஈரம் ஏறி இறுகிடுச்சு,” என்றாள் நர்ஸ். “வயித்துக்குள்ள போயும் கரையாது. மாசக் கடைசியில நீங்க மாத்திரை முழுங்கல, கேப்டன். கல்லு முழுங்கினீங்க. அது தெரியாம டாக்டர் அளவைக் கூட்டினாரு. அதான் புதுசா வாங்கினதும் மொத்தமா ஏறி எல்லாம் ரெண்டா தெரியுது.”

ரொசெட்டா நெற்றியில் அடித்துக்கொண்டாள். “நான் எட்டு வாரம் ஜாதிக்காயைப் பரப்பி, கிளறி, காயவெச்சு, குலுக்கிப் பாத்து, உள்ள கொட்டை கடகடன்னு ஆடினாத்தான் மூட்டையில போடறேன். ஈரம்னா என்னன்னு இந்தத் தீவுக்கே சொல்லிக்குடுக்கறவ. என் புருஷன் தன் உயிரைக் கொண்டுபோய் மீனுக்குக் கீழ வெச்சிருக்கான்!”

“மீனுக்குக் கீழ இல்ல. பக்கத்துல,” என்றான் ஆல்பன்.

“வாயை மூடு. பல்லு இல்லாத இடம் தெரியுது.”

இனிமேல் உலர்ந்த இடத்தில் வைத்தால் போதும் என்றுதான் ஆல்பன் நினைத்தான். நர்ஸ் தலையை ஆட்டினாள். இவ்வளவு கூட்டிய அளவில் நல்ல மாத்திரையை மாதம் முழுக்க விழுங்கினால் அவன் மூன்று மூன்றாகப் பார்க்க ஆரம்பித்துவிடுவான். கொட்டகை வாசலிலேயே நின்று டாக்டருக்குப் போன் போட்டாள். காலண்டரை முழுக்க வாசித்தாள். வட்டம், சிலுவை, ஐஸ்பெட்டி, தம்ளர். பிறகு டாக்டர் சிரிக்கிற சத்தம் வெளியில் நின்றவர்களுக்கே கேட்டது. பழைய அளவுக்குப் படிப்படியாக இறக்குவது, ரத்தம் எடுத்துப் பார்ப்பது, வாரத்துக்கு ஒருமுறை அவள் போனில் விசாரிப்பது என்று இருவரும் முடிவு செய்தார்கள்.

மாத்திரையின் புது வீடு படுக்கையறை அலமாரியின் மேல்தட்டு. அதன் டப்பாவிலேயே, மூடி இறுக்கி, ஒரு பிஸ்கட் தகரத்துக்குள். உப்பு ஜாடியில் ஈரம் இழுக்க அரிசி போடுகிற மாதிரி ரொசெட்டா தகரத்துக்குள் ஒரு சின்ன அரிசிப் பையையும் வைத்தாள். நர்ஸ் பார்த்துவிட்டு, “இது என் படிப்புல இல்ல. ஆனா நல்லா இருக்கு,” என்றாள்.

“ஒரு வருஷம்,” என்றாள் ஆல்பனிடம். “ஜூன் பத்துலேருந்து அடுத்த ஜூன் பத்து வரைக்கும் ஒண்ணுகூட வரலைன்னா டாக்டர்கிட்ட நானே பேசறேன். அதுவரைக்கும் கடல் இல்ல. எதை மாத்தறதா இருந்தாலும் மாத்தறதுக்கு முன்னாடி எனக்குப் போன் பண்ணுங்க. மறைக்கக்கூடாது. மறைச்சா நான் தப்பான ஆளுக்கு வைத்தியம் பாத்துட்டு இருப்பேன்.”

“திருநாள் ஜூன் இருபத்தொம்பது.”

“தெரியும். நான் மலை ஊர்க்காரி, ஆனா காலண்டர் பாப்பேன்.”

அன்று போவதற்கு முன் கரையிலிருந்த எல்லாப் படகுக்காரர்களையும் கூப்பிட்டாள். செப்டிமஸை மணலில் படுக்கச் சொன்னாள். ஊரின் மிகப் பெரிய ஆள் அவன். அவன் படுத்ததும் அலை கொஞ்சம் தள்ளிப் போய் நின்றது. அவனை ஒரே கையால் பக்கவாட்டில் புரட்டிக் காட்டினாள். தலைக்குக் கீழே சட்டையை மடித்து வைத்தாள்.

“சுத்தி இருக்கற சாமானைத் தள்ளி வையுங்க. கையைக் காலை அமுக்காதீங்க. ஆட்டம் நின்னதும் இப்படி ஒருக்களிச்சுப் படுக்க வையுங்க. மணியைப் பாருங்க. அஞ்சு நிமிஷம் தாண்டினா ஆம்புலன்ஸ். வாய்க்குள்ள எதையும் விடாதீங்க.”

செப்டிமஸ் மணலிலிருந்தே கேட்டான். “கரண்டி?”

“கரண்டி சூப்புக்கு.”

ஊர் சிரித்தது. செப்டிமஸ் எழுந்து மணலைத் தட்டிக்கொண்டு, யாரையும் பார்க்காமல் சொன்னான்: “மணியை எதுக்குப் பாக்கணும்? வலிப்பு ஓட்டப்பந்தயமா?”

“எவ்வளவு நேரம்னு தெரிஞ்சாத்தான் அடுத்து என்ன செய்யணும்னு தெரியும். என்னோட இந்த வாட்ச் இதுவரைக்கும் வலிப்பைத் தவிர வேற எதையும் அளந்தது கிடையாது. இன்னிக்கு ஒரு மாத்திரையை அளந்துச்சு.”

வருஷம் நகர்ந்தது. ஆல்பன் எதை மாற்றுவதற்கு முன்னும் போன் செய்தான். சேம்பிலையும் தேங்காய்ப்பாலும் போட்டு ஈரப்பலா சாப்பிடலாமா என்று கேட்டான். சாப்பிடலாம். சளிக்கு மருந்துக்கடையில் ஒன்று கொடுக்கிறார்களே, அது? பெயரைப் படியுங்கள், வேண்டாம், வேறு சொல்கிறேன். கார்னிவல் இரவு முழுக்கக் கண்விழிக்கலாமா? கூடாது, பத்து மணிக்குப் படுங்கள். மாமியார் ஒரு மாதம் தங்க வருகிறாராமே?

“அது மருத்துவக் கேள்வி இல்ல, கேப்டன்.”

“எனக்கு மருத்துவக் கேள்விதான், நர்ஸ்.”

“தூக்கம் கெடுதான்னு மட்டும் பாருங்க.”

வட்டங்கள் இரண்டாவது மாதமே நின்றன. பாதிரியார் ஒருவரானார். சிலுவைகள் விழுந்தால் கடைசிப் பத்து நாளில்தான் விழும் என்று ஒவ்வொரு மாதமும் அந்தப் பத்து நாள் ரொசெட்டா கணவனைத் தரம் பிரிக்காத காயைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒன்றும் விழவில்லை. நவம்பர், டிசம்பர், ஜனவரி. காலண்டர் வெறும் நிலாவோடு கிடந்தது. ஆல்பன் கரையில் மீன் வெட்டினான், வலை பின்னினான், மற்றவர்கள் படகைத் தள்ளிவிட்டான். தள்ளிவிட்ட கை ஒவ்வொரு முறையும் தண்ணீரில் இரண்டடி கூடவே போய்த் திரும்பி வரும்.

மே மாதக் கடைசியில் மழை முன்கூட்டியே வந்துவிட்டது. சாதாரண மழை அல்ல. மலையிலிருந்த ஒரு வாழைத்தோட்டம் வேரோடு இறங்கி வந்து ஐந்து மைல் தள்ளிக் காய்த்தது. ரோடு இரண்டு இடத்தில் சரிந்துபோனது. அந்த மாதம் மருந்து கொண்டுவரும் கப்பலும் தாமதம்; ஊர் ஆஸ்பத்திரியில் அந்த மாத்திரை இல்லை. தலைநகரில் இருந்தது. வழி இல்லை.

ஜூன் முதல் தேதி ஆல்பன் பிஸ்கட் தகரத்தைத் திறந்தான். இரண்டு நாளைக்கு இருந்தது. வருஷம் நிறைய ஒன்பது நாள் பாக்கி.

“நர்ஸ், நான் என் படகை எடுத்துட்டு வரேன். பன்னிரண்டு மைல். கண்ணை மூடிட்டு வருவேன்.”

“கண்ணை மூடிட்டு வருவீங்கன்னுதான் எனக்குப் பயம். கரையிலேயே இருங்க. மாத்திரையைப் பாதியாக்கி நாளை நீட்டிக்காதீங்க. நேரத்துக்கு முழுசா போடுங்க. மருந்து என் கையில இருக்கு. நான் வழி பாக்கறேன்.”

ஆல்பன் போனை வைத்துவிட்டுப் படகுக்குப் பக்கத்தில் போய் நின்றான். பதினொரு மாதமும் இருபத்திரண்டு நாளும் காத்தவன். கையில் சுக்கானின் வழவழப்புக்கூட இன்னும் மறக்கவில்லை. யார் பார்க்கப்போகிறார்கள்? ஒரு காலைத் தூக்கிப் படகின் விளிம்பில் வைத்தான்.

“காலை எடு,” என்றான் பின்னால் வந்த செப்டிமஸ்.

“உனக்கென்னடா?”

“போன வருஷம் நீ இல்லாம ஜெயிச்சேன். என் பொண்டாட்டிகூடக் கொட்டாவி விட்டுட்டுத்தான் கை தட்டினா. இந்த வருஷமும் அப்படி ஒரு பரிசு எனக்கு வேண்டாம். உன்னை வெச்சுத் தோக்கடிக்கணும், எல்லாரும் பாக்கணும். அதுக்கு நீ முழுசா வேணும். காலை எடு, ஆல்பன். மருந்துக்கு நான் போறேன்.”

“கடல் கொந்தளிக்குது.”

“தெரியுது. எனக்கு ஒண்ணா தெரியுது. நீ சொல்லு, உனக்கு எத்தனையா தெரியுது?”

“ஒண்ணுதான்.”

“அப்பறம் என்ன.”

ஆல்பன் காலை எடுத்தான். அவன் வாழ்நாளில் தூக்கிய மீன்களிலெல்லாம் கனமானது அந்தக் கால்தான்.

செப்டிமஸ் தலைநகர்த் துறைமுகத்துக்குப் போனபோது, நர்ஸ் யூலாலி மருந்து வைத்த தகரத்தைக் கொடுத்தனுப்பாமல் தானே படகில் ஏறினாள். ரோடு அறுந்ததால் கரையோர ஊர்களில் இன்னும் மூன்று பேர் அதே மாத்திரைக்குக் காத்திருந்தார்கள். மலையில் பிறந்தவள்; அதுவரை கடலில் கணுக்காலுக்குமேல் நனைந்ததில்லை. நீச்சல் தெரியாது. படகு கிளம்பிய ஐந்தாவது நிமிஷத்தில் காலை உணவைக் கடலுக்குக் கொடுத்தாள். பத்தாவது நிமிஷத்தில் போன வாரத்து உணவையும் கொடுத்தாள். வழியிலுள்ள மீன்களெல்லாம் படகின் பின்னாலேயே வந்ததாகவும், அன்றைக்கு வலை போட்டிருந்தால் தீவு கவிழ்ந்திருக்கும் என்றும் செப்டிமஸ் இன்றைக்கும் சத்தியம் செய்வான். ஆனால் தகரத்தைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்த கை மட்டும் பன்னிரண்டு மைலும் இறங்கவில்லை. சீருடை நனைந்தது, செருப்பு போனது, கடிகாரத்துக்குள்கூட ஒரு துளி புகுந்தது. தகரத்தில் ஒரு சொட்டு இல்லை.

நடுவில் மூன்று ஊர்களில் இறங்கி ஏறினாள். லான்ஸ் மாரிக் கரையில் ஆல்பன் இடுப்பளவு தண்ணீரில் நின்று அவளைத் தூக்கி இறக்கினான். அவள் முகம் பச்சையாக இருந்தது. பேசமுடியாமல் தகரத்தைத் திறந்து ஒரு டப்பாவை எடுத்தாள். காதருகே வைத்துக் குலுக்கினாள். மாத்திரைகள் உள்ளே கடகடவென்று ஆடின.

கரையில் நின்ற ரொசெட்டா, “மூட்டையில போடலாம்!” என்று கத்தினாள்.

ஜூன் பத்தாம் தேதி வந்தது, போனது. பதினோராம் தேதி காலை நர்ஸ் டாக்டருக்குப் போன் போட்டாள். பன்னிரண்டு மாதக் காலண்டரையும் பக்கம் பக்கமாக வாசித்தாள். வாசிக்க ஒன்றும் இல்லை; ஆனாலும் ஒவ்வொரு மாதத்தின் பெயரையும் சொல்லி “ஒண்ணும் இல்ல” என்றாள். பன்னிரண்டு முறை. டாக்டர் அவளுக்காக அன்றைக்கு ஏழு நிமிஷத்தைத் தாண்டினார், நாலு நிபந்தனையோடு சரி என்றார். கூட இரண்டு ஆள், மிதவைச் சட்டை, மாத்திரை தவறக்கூடாது, கடலுக்குத் தனியாகப் போகவே கூடாது. இந்த நாலுக்கும் ஒப்புக்கொண்டு ஆல்பன் கையெழுத்துப் போட்டான்.

திருநாள் அன்று பாதிரியார் ஒவ்வொரு படகாக மந்திரித்துத் தண்ணீர் தெளித்துக்கொண்டு வந்தார். ‘இன்னும் முடியலை’க்கு ஒரு கை கூடுதலாகத் தெளித்தார். ஆரஞ்சு நிற மிதவைச் சட்டையில் ஆல்பன் சுக்கானைப் பிடித்து உட்கார்ந்தான். அவனுடன் ஏறிய இருவருக்கும் ஒருக்களித்துப் படுக்கவைக்கத் தெரியும். கரண்டி எதற்கு என்றும் தெரியும். பெலிகன் பாறையைச் சுற்றிவிட்டுத் திரும்ப வேண்டும். துப்பாக்கி வெடித்தது.

போகும்போது செப்டிமஸ் முன்னால். பாறையைச் சுற்றுகிறபோது இரண்டு படகின் பாய்களும் ஒன்றையொன்று உரசின.

“என்னடா, எத்தனை படகு தெரியுது?” என்று கத்தினான் செப்டிமஸ்.

“ஒண்ணுதான். அதுவும் பின்னால போயிட்டு இருக்கு!”

காற்று எங்கே கொஞ்சம் தங்கியிருக்கிறது என்று ஆல்பனின் கைக்குத் தெரிந்தது. ஒரு கணமும் அறுந்துபோகவில்லை. ஒவ்வொரு அலையும் அதனதன் இடத்தில் வந்தது, ஒவ்வொன்றையும் அவன் பார்த்தான். யாரும் எதையும் கத்தரித்து எடுத்துப் போகவில்லை. கரையில் ஊர் முழுக்க நின்று கத்தியது. அந்தச் சத்தத்தில் பக்கத்துத் தீவில் இரண்டு பேர் எழுந்து கதவைத் திறந்து பார்த்தார்கள். மூக்கு முனையளவு முன்னால் ‘இன்னும் முடியலை’ மணலைத் தொட்டது.

முதலில் ஓடிவந்து கட்டிப்பிடித்தது செப்டிமஸ்தான். “இப்பத்தான்டா தோத்த மாதிரி இருக்கு!” என்று அவனைத் தரையிலிருந்து தூக்கிவிட்டான்.

பரிசைக் கொண்டுவந்தார்கள். சிவப்பு நிறத்தில், தங்க மூடி போட்டு, ஒரு ஐஸ்பெட்டி. ரொசெட்டா அதன்மேல் ஏறி உட்கார்ந்துகொண்டு, “சாவி என்கிட்ட,” என்றாள்.

மலை ஊர்க்காரி நர்ஸ் யூலாலி முழங்கால் அளவு கடலில், யாரும் கூப்பிடாமல், செருப்போடு நின்றுகொண்டிருந்தாள். கடிகாரத்தைத் தூக்கிப் பிடித்திருந்தாள். ஒரு துளி கடல் இன்னும் அதற்குள்ளேயே இருந்தது, ஓட்டத்தில் குறையில்லை.

“இருபத்தாறு நிமிஷம், நாப்பது செகண்ட், கேப்டன்!”

“அது நல்ல நேரமா நர்ஸ்?”

“இந்த வாட்ச் அளந்ததுலயே நல்ல நேரம்,” என்றாள். “ராத்திரி மாத்திரையை மறந்துடாதீங்க.”